மீன்தொட்டிக் கல் போர்வை

பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரம் ஜெனிஷ் தானே ஷெர்லினுக்கு போன் செய்தான். நகை, மண்டபம், தேதி எதையும் பேசவில்லை. தன் தங்கையைப் பற்றித்தான் பேசினான்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ஜெபமலர்னு பேரு. ஒன் வயசுதான் இருக்கும். பேச்சு ரொம்பக் கம்மி. சில நேரம் கத்துவா, செவுத்துல தலைய முட்டிக்குவா. அவ கடைசி வரைக்கும் எங்ககூடத்தான் இருப்பா. யோசிச்சுச் சொல்லு."

ஷெர்லின் உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்பவரின் மகள். அதற்கு முன் அவளுக்கு வந்த சம்பந்தங்கள் ஏதோ ஒன்றை மறைத்து, அது பிறகு தெரிந்து, முறிந்து போயிருந்தன. மறைக்காமல் ஒருவன் பேசுகிறானே என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. யோசிக்க நாள் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலையை விட்டு ரயில் பாதைப் பக்கம் போகும் தெரு ஒன்றில் அவர்கள் கடை. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் மொத்த வியாபாரம். கீழே கடை, அதன் பின்னால் குடோன், மாடியில் வீடு. ஜெனிஷின் அப்பா ஆசீர்வாதம் நாசரேத் பக்கமிருந்து இளவயதில் வந்து, யாரோ ஒருவர் கடையில் பொட்டலம் மடித்து, பிறகு தனிக்கடை வைத்தவர். கடைக்கு வருகிறவர்கள் பேசும் வடசென்னைத் தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் தாமிரபரணித் தண்ணீரில்தான் வரும். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சமையலுக்கு ஒரு அம்மாள் வந்து போய்க்கொண்டிருந்தார்.

ஷெர்லின் அந்த வீட்டுக்கு வந்த முதல் மாதங்கள் சுலபமாக இல்லை. அதை அவள் இன்றைக்கும் ஒளிக்காமல் சொல்கிறாள். மலர் அவளை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. சமையலறை வாசலிலிருந்து கம்பிக் கதவு வரை நடப்பாள், திரும்புவாள், மறுபடியும் நடப்பாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் ஹாரன் சத்தம் தெருவுக்குள் வந்து மாடியிலும் ஏறும். அப்போது மலர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரே சுருதியில் ஒரு சத்தம் எழுப்புவாள். யாராவது கிட்டே போனால் தள்ளுவாள். ஒருமுறை ஷெர்லினின் பின்னலைப் பிடித்து இழுத்து, விடாமல் நின்றாள். ஜெனிஷ் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அன்றைக்கு ஷெர்லின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அம்மாவிடம் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள்.

டாக்டர் ஆட்டிசம் என்று எப்போதோ சொல்லியிருந்தார். தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை மலரைப் பகல் முழுக்க மந்தமாக்கியது. வாயோரம் எச்சில் வழிய உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் டாக்டரிடமே கேட்டு மாத்திரையைக் குறைத்திருந்தார்கள். குறைத்த பிறகு மந்தம் போனது, தூக்கமும் போனது.

ஒரு நாள் மதியம் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று குறுக்கே நின்று போக்குவரத்து அடைத்துக்கொண்டது. எண்ணூர் வரைக்கும் வண்டிகள் நிற்பதாகச் சொன்னார்கள். ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை. ஷெர்லின் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்தபோது கம்பிக் கதவு திறந்திருந்தது. மலரைக் காணவில்லை.

ஜெனிஷ் செருப்புக்கூடப் போடாமல் நெடுஞ்சாலைப் பக்கம் ஓடினான். ஆசீர்வாதம் ரயில் பாதைப் பக்கம் ஓடினார். அவர் ஓடி ஷெர்லின் அதுவரை பார்த்ததில்லை. அவள் கட்டிலுக்கு அடியிலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் தேடிவிட்டுக் கீழே வந்தாள். மூட்டை தூக்கும் மணி குடோன் வாசலில் நின்று, சத்தம் வேண்டாம் என்று வாயில் விரல் வைத்து, கையசைத்துக் கூப்பிட்டார்.

உள்ளே, அரிசிச் சிப்பங்களுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் மலர் மல்லாந்து படுத்திருந்தாள். பாதி காலியான துவரம்பருப்பு மூட்டை ஒன்றை இழுத்துத் தன் வயிற்றின் மேலும் தொடையின் மேலும் போட்டுக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, சீரான மூச்சு. வெளியே ஹாரன் அலறிக்கொண்டுதான் இருந்தது.

"மூட்டைய எடுத்துடவாம்மா?" என்று மணி மெல்லக் கேட்டார்.

"வேண்டாம் அண்ணே. ஒறங்கட்டும்" என்றாள் ஷெர்லின். ஜெனிஷுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு சிப்பத்தின் மேல் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மலரின் முகத்தை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ஜெனிஷின் மூக்கேதான் அவளுக்கும். புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு. சாக்குத் தூசி கன்னத்தில் ஒட்டியிருந்தது.

அதன் பிறகு ஷெர்லின் செய்தது எளிமையான காரியம். அரை மூட்டைப் பருப்பை மாடிக்கு ஏற்றச் சொன்னாள். சத்தம் அதிகமான நேரங்களில் மலர் தானே அதன் அருகே போய்ப் படுத்து மேலே இழுத்துக்கொண்டாள். ஆனால் சாக்கு தோலை அறுத்தது. வயிற்றிலும் கையிலும் சிவந்து தடித்தது. பருப்புக்கு எறும்பு வந்தது. ஆசீர்வாதத்துக்கு அந்தக் காட்சியே பிடிக்கவில்லை.

"ஏம்மா, இது சரிவராது. பிள்ள மேல மூட்டைய ஏத்தி வச்சிருக்காங்கன்னு ஊருக்குள்ள பேசுவாவோ. மூச்சு முட்டி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என்ன செய்ய?" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஷெர்லின் போனில் தேடிப் பார்த்தாள். இப்படிக் கனத்துக்காகவே செய்யும் போர்வைகள் கடையில் கிடைக்கின்றன என்று தெரிந்தது. படத்தில் பார்த்தவை எல்லாம் கம்பளி போலத் தடிமனாக இருந்தன. மே மாதத்தில், மதியம் மூன்று மணிக்கு, திருவொற்றியூர் மாடி வீட்டில் அதைப் போர்த்தினால் மனுஷி வெந்துவிடுவாள். மெல்லிய பருத்தித் துணியில் நாமே தைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பட்டன் தைப்பது, ஓரம் அடிப்பது தவிர அவளுக்குத் தையல் தெரியாது. அதனால் பவானியிடம் போனாள்.

பவானியின் வீடு நெடுஞ்சாலையைத் தாண்டி, கடல் பக்கம், குப்பத்தில். அவள் புருஷன் வெற்றி விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். போனால் பல நாள் கழித்துத்தான் வருவான். பவானி வீட்டிலேயே ரவிக்கை, நைட்டி தைப்பாள். ஷெர்லினின் கல்யாணத்துக்குப் பிந்திய ரவிக்கைகள் எல்லாம் அவள் தைத்தவைதான். கேட்டதும் முதலில் அவள் சிரித்தாள்.

"போர்வைக்குள்ள கனமா? இன்னாமா சொல்ற? வாங்கறவங்க எல்லாம் லேசா கீதா லேசா கீதான்னுதான் கேப்பாங்கோ."

ஷெர்லின் குடோனில் பார்த்ததைச் சொன்னாள். பவானி சிரிப்பதை நிறுத்திவிட்டு, கையில் இருந்த ரவிக்கையை மடித்து ஓரமாக வைத்தாள். துணி எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள்.

இரண்டு துணியை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மூன்று பக்கம் மூட வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக நேர்கோட்டில் தைத்துக் குழாய் குழாயாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் போட்டு, அடிக்குத் தள்ளி, குறுக்கே ஒரு தையல். மறுபடியும் கொஞ்சம், மறுபடியும் ஒரு தையல். இப்படி மேலே வரும்வரை போக வேண்டும். அப்போதுதான் கனம் ஒரே இடத்தில் குவியாமல் சமமாக நிற்கும். உள்ளே எதைப் போடுவது என்று யோசித்தபோது ஷெர்லினுக்குக் கடையில் சும்மா கிடக்கும் புளியங்கொட்டை ஞாபகம் வந்தது. கழுவி, வெயிலில் காயவைத்து, அதையே போட்டுத் தைத்தார்கள்.

மலருக்கு அது உடனே பிடித்துப்போனது. விரித்த அன்றே அதற்கு அடியில் புகுந்துகொண்டாள். சாக்கு திரும்பக் குடோனுக்குப் போனது. ஷெர்லின் பெருமையோடு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

பிறகு மழை பிடித்தது. வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. போர்வையிலிருந்து ஒரு முடைநாற்றம் வர ஆரம்பித்தது. ஒரு காலை மலர் அலறிக்கொண்டு எழுந்து போர்வையைப் பிடித்துக் கிழித்தாள். கிழிசலிலிருந்து கொட்டையும் மாவும் கருவண்டுகளும் தரையெல்லாம் சிதறின. அவள் கழுத்திலும் தலைமுடியிலும் வண்டு ஊர்ந்தது. அன்று பகல் முழுக்க மலர் யாரையும் கிட்டே விடவில்லை. ஆசீர்வாதம் திட்டவில்லை. விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டிவிட்டு, போதும் விட்டுடு என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று ஷெர்லினுக்கு இருந்தது.

பவானி விடுகிற ஆள் இல்லை. பூச்சி அரிக்காத, நாறாத பொருளாகப் பார்த்துப் போட வேண்டியதுதானே என்றாள். வலையின் அடியில் கோக்கும் ஈயக்குண்டு வீட்டிலேயே ஒரு டப்பா நிறைய இருந்தது. சின்னது, கனமானது, வெளியே தெரியாது. எடுத்துக் கொட்டி அளந்துகொண்டிருந்தபோதுதான் வெற்றி கடலிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி உள்ளே வந்தான். என்ன செய்கிறார்கள் என்று கேட்டவன், டப்பாவை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"ஈயம் ஒடம்புக்கு ஆவாது பவானி. குண்டு கோத்தா நாங்களே சோப்பு போட்டுக் கைய கழுவிட்டுதான் சோத்துல கைய வெப்போம். அத்த போத்திகினு ஒரு பொண்ணு தூங்குமா?"

அவன் சொன்னது நல்லதாகப் போயிற்று. இரண்டு பெண்களும் கொட்டிய குண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்கள். பிறகு பவானிக்கு அவள் நாத்தனார் வீட்டு மீன்தொட்டி ஞாபகம் வந்தது. தொட்டியின் அடியில் போடும் பொடிக்கல். தண்ணீரிலேயே கிடக்கிறது, அழுகுவதில்லை, வழவழப்பாகவும் இருக்கிறது.

அந்த வாரமே இருவரும் கொளத்தூருக்குப் போனார்கள். தெரு முழுக்க வண்ண மீன் கடைகள். நெத்திலி அளவில்கூட இல்லாத மீனைப் பையில் கட்டி விற்பதைப் பார்த்துப் பவானி நின்று நின்று நடந்தாள். பொரித்தால் ஒரு வாய்க்குக்கூடக் காணாது என்றாள். கல் விற்கும் கடைக்காரர், தொட்டி எத்தனை அடி என்று கேட்டார்.

"தொட்டி இல்லப்பா, போர்வ. போத்திகினு தூங்கறதுக்கு" என்றாள் பவானி.

கடைக்காரர் ஷெர்லினைப் பார்த்தார். அவள் விளக்கிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, கலர் கல் வேண்டாம், சாயம் உரிந்து துணியில் ஒட்டும் என்று சொல்லி, உள்ளேயிருந்து சாயம் போடாத பொடிக்கல்லை எடுத்து வந்தார். கூரான கல் ஏதும் இருக்கிறதா என்று உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துக் காட்டினார். இரண்டு கோணிப்பையில் வாங்கி, பஸ்ஸில் ஏற்ற முடியாமல் ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

கல்லைப் பலமுறை அலசி மொட்டை மாடியில் காயப் போட்டார்கள். எண்ணூர்க் காற்றில் வரும் கரித்தூள் படியாமல் இருக்க மேலே பழைய வேட்டியை விரிக்க வேண்டியிருந்தது. கீழே கொண்டுவந்து அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டியபோது எழுந்த சத்தத்துக்கு, நடந்துகொண்டிருந்த மலர் நின்றாள். மெதுவாக வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் கல்லுக்குள் மணிக்கட்டு வரை நுழைத்தாள். எடுத்தாள், விட்டாள், மறுபடியும் நுழைத்தாள். காப்பி கலந்துகொண்டிருந்த ஷெர்லின் சத்தம் போடாமல் பவானியைத் தொட்டுக் காட்டினாள்.

பவானியின் வீட்டு மெஷினுக்கு மோட்டார் உண்டு. அந்த இரைச்சல் மலருக்கு ஆகாது. பவானி சுவரோரம் போட்டு வைத்திருந்த, காலால் மிதித்து ஓட்டும் பழைய மெஷினைக் கடையின் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஷெர்லின் வீட்டில் போட்டாள். ஒவ்வொரு நாளும் வீட்டு வேலை முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஷெர்லின் துணியைப் பிடிக்க, பவானி மிதிக்க, கல் ஊசியில் பட்டு ஊசி உடைய, பவானி அந்தக் கல்லைத் தனியாக எடுத்து வைத்து அதனிடமே சண்டை போட்டாள். ஒரு வரிசைக்கு ஓர் ஊசி என்ற கணக்கில் போனது. பிறகுதான் தையல் போடும் முன் ஒரு மரச்சட்டத்தை வைத்துக் கல்லைக் கீழே தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கல் போடுவது எப்போது மலரின் வேலையானது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருநாள் ஷெர்லின் கடையின் பழைய ஆழாக்கில் கல்லை அள்ளிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மலர் ஆழாக்கை அவள் கையிலிருந்து வாங்கினாள். அள்ளினாள், மேலே கூம்பி நின்றதை விரலால் வழித்துவிட்டாள், போட்டாள். அடுத்த குழாய்க்கும் அப்படியே. ஒரு கல் கூடவில்லை, குறையவில்லை. ஷெர்லின் அள்ளிப் போட்டதில் ஏறுக்குமாறாக இருந்தவற்றை மலர் திரும்பக் கொட்டி மறுபடியும் போட்டாள்.

"நம்மளவிட ஷோக்கா போடுது" என்று பவானி சொன்னாள்.

இரண்டாவது போர்வை தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும் வருகிற மாதிரி தைக்கப்பட்டது. கால் வெளியே இருந்தால் புழுக்கம் இருக்காது. மேலே மெல்லிய வேட்டித் துணி. ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்து மலர் படுத்தாள். ஷெர்லின் அதை மெதுவாக அவள் மேல் விரித்தாள். மலர் கையை வெளியே எடுத்து ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவும் விரல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்த ஆசீர்வாதம் வாசலில் நின்று பார்த்தார். ஷெர்லின் ஏதாவது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள்.

"அவங்க அம்மா இப்படித்தான் ஒரு கையையும் காலையும் தூக்கி அவ மேல போட்டுக்கிட்டுப் படுப்பா" என்றார். பிறகு கை கழுவப் போனார். சாப்பிடும்போது ரசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவர் சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்கிறவர் இல்லை.

ராயபுரத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு வாரம் ஒருமுறை மலரைக் கூட்டிப் போவார்கள். அங்கே வந்து உதவி செய்யும் ஃப்ளோரன்ஸ் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ், மிஞ்சிய கல்லில் தைத்து மலர் மடியில் வைத்திருந்த சின்ன விரிப்பைப் பார்த்துவிட்டு யார் தைத்தது என்று விசாரித்தார். போர்வையைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். சில விஷயங்களைக் கறாராகச் சொன்னார். ஆளின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கனம் வேண்டாம். முகத்துக்கு வரக் கூடாது. போர்த்திக்கொள்கிறவர் தானே தள்ளிவிட்டு எழ முடிய வேண்டும், அதனால் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கூடாது. ஷெர்லின் வீட்டுக்கு வந்ததும் மலரை எடை பார்த்து, போர்வையையும் அரிசி நிறுக்கும் தராசில் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஓரத்து வரிசையைப் பிரித்துக் கல்லை எடுத்தார்கள். பிரிக்கிறபோது மலருக்குக் கோபம். எடுத்த கல்லை எல்லாம் அவள் மடியில் கொட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஃப்ளோரன்ஸே தயங்கித் தயங்கித் தனக்கும் ஒன்று கேட்டார். படுத்தால் கால் இரண்டும் நிற்காமல் துடிக்கிறது, மடியிலிருந்து பாதம் வரை வருகிற மாதிரி சின்னதாகத் தைத்தால் போதும் என்றார். அவருக்குத் தைத்துக் கொடுத்ததைப் பார்த்து, மையத்துக்கு வரும் இன்னொரு தாய் வளர்ந்த தன் மகளுக்குக் கேட்டார். பரீட்சைப் பதற்றத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் பெரம்பூரிலிருந்து தேடி வந்தாள். எல்லோருக்கும் அது உதவவில்லை. ஒருவர், நெஞ்சை அடைப்பது போல் இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார். பவானி முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு, அதைப் பிரித்து வேறொன்று தைத்தாள். இரண்டு பேரும் மாதத்துக்கு நாலைந்துக்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை. கல் போடுகிறவள் தன் இஷ்டத்துக்குத்தான் வேலை செய்வாள், அவளை அவசரப்படுத்த முடியாது என்பது முதல் காரணம்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் அந்த டிசம்பர் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. கால்வாய் நிறைந்து தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. கடையில் முழங்கால் அளவு வந்ததும் மணியும் ஜெனிஷும் ஆசீர்வாதமும் முடிந்த மட்டும் மூட்டைகளை மாடிக்கு ஏற்றினார்கள். வீட்டில் நடக்க இடமில்லை. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, கழிவறையும் பொங்கிவிட்டது. மலர் நடக்கும் பாதையெல்லாம் மூட்டை. அவள் ஒரு மூலையில் நின்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தெருவில் வெற்றியின் குரல் கேட்டது. குப்பத்து ஆட்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து தெருக்களில் இறக்கியிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்தபடி வெற்றி மேலே பார்த்தான்.

"அல்லாரும் வாங்க, நம்ம வூட்டுக்குப் போயிடலாம். அந்தாண்ட மேடு, தண்ணி இல்ல. பவானி சோறு வடிச்சிகினு கீறா."

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மலர் கடைசிப் படிக்கு மேல் நின்றுகொண்டு வர மறுத்தாள். ஜெனிஷ் கையைப் பிடித்தான், உதறினாள். தூக்கிவிடலாமா என்று வெற்றி கேட்டான். ஷெர்லின் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, படகுக்குள் போய் நடுப்பலகையில் உட்கார்ந்தாள். மடி விரிப்பைப் பக்கத்து இடத்தில் வைத்து, அதைக் கையால் தட்டினாள். கல் உள்ளே சரசரத்தது. கூப்பிடவில்லை, வெறுமே தட்டிக்கொண்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் நனைந்தபடி காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மலர் ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தாள். வெற்றி படகை அசையாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டான். அவள் வந்து உட்கார்ந்து விரிப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டதும், ஆசீர்வாதம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரைத்தான் துடைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பவானி வீட்டில் ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஈரத் துணி வாசமும் குழம்பு வாசமும் பேச்சுச் சத்தமுமாக இருந்தது. பிறர் வீட்டுக்குள் மலர் அதுவரை கால் வைத்ததே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு அந்த ஒற்றைச் சுருதியை ஆரம்பித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷெர்லினுக்கு உடம்பு கூசியது.

பெரிய போர்வையைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்து, தண்ணீரில் நடந்தே ஜெனிஷ் பின்னால் வந்துகொண்டிருந்தான். வழியில் பார்த்தவர்கள், எல்லோரும் நகையும் பத்திரமும் தூக்கி வருகிறார்கள், நீ என்ன மூட்டை என்று கேட்டார்களாம். வாசலில் அவனைக் கண்டதும் மலரின் சத்தம் நின்றது.

"கல்லு" என்றாள்.

ஜெனிஷ் அப்படியே நின்றுவிட்டான். தங்கை வாய் திறந்து எதையாவது கேட்டு அவன் காதில் விழுந்தது எத்தனையோ வருஷத்துக்கு முன்பு, தண்ணீர் என்ற ஒரு வார்த்தைதான். "இந்தா புள்ள, கல்லுதான், இந்தா" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். நனைந்து இறுகியிருந்ததில் அவிழவில்லை. வெற்றி கத்தியால் கயிற்றை அறுத்தான்.

பவானியின் மோட்டார் மெஷினுக்குப் பின்னால், சுவரோரம், மலர் படுத்துக்கொண்டாள். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சோறு ஆறிப்போகும் என்று பவானி ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தாள். அவர்கள் அங்கே நாலு நாள் இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு கடையைக் கழுவித் தேய்த்து மறுபடியும் நிமிர்த்த மாதக்கணக்கில் ஆனது. போர்வையின் துணியில் அடித்த சேற்று வாடை துவைத்தும் போகவில்லை. அதைப் பிரித்து, கல்லை மட்டும் அலசிக் காயவைத்து, புதுத் துணியில் தைத்தார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மலருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. காலையில் சாப்பிட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு கம்பிக் கதவருகே நிற்பாள். பவானி வீட்டுக்குப் போக வேண்டும். ஷெர்லின் அவளைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடப்பாள். லாரிகள் நிற்கும் நாட்களில் மலர் ஒரு காதைப் பொத்திக்கொள்வாள். இன்னொரு கை ஷெர்லினின் பிடியில் இருக்கும். முன்பு பின்னலைப் பிடித்து இழுத்த கைதான் அது. இப்போதும் சில நாள் இழுக்கிறாள், கத்துகிறாள், சுவரில் முட்டிக்கொள்ளவும் செய்கிறாள். ஷெர்லின் பயப்படுவதில்லை. அம்மாவிடம் போனில் இப்போதெல்லாம் அவள் நடந்ததை நடந்தபடி சொல்கிறாள்.

கால்மிதி மெஷினும் கல் தொட்டியும் இப்போது பவானி வீட்டுக்கே போய்விட்டன. குப்பத்துப் பெண்கள் போகிறபோக்கில் எட்டிப் பார்த்து, இன்னா மலரு துன்னியா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மலர் பதில் சொல்வதில்லை. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

போன வாரம் ஒரு சின்னத் தகராறு. பெரம்பூருக்கு அனுப்ப வேண்டிய போர்வையைக் காணவில்லை. நன்றாக மடித்து அலமாரியில் வைத்திருந்ததை யார் எடுத்தார்கள் என்று ஷெர்லின் தேடினாள். பவானி உள்ளறைத் திரையை விலக்கிக் காட்டினாள். முந்தின நாள் கடலிலிருந்து திரும்பிய வெற்றி, கழுத்துக்குக் கீழே போர்வை போர்த்தி, காலை வெளியே நீட்டி, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"வந்ததுலேந்து அதுக்குள்ளதான் பூந்துகினு கீது" என்றாள் பவானி. "போட்ல எடுத்துகினு போவ ஒன்னு தெச்சி குடுன்னு வேற கேக்குது. கல்ல கட்டிகினு கடலுக்குப் போற ஆள எங்கனா பாத்துக்கிறியா?"

ஷெர்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையை விட்டாள். பெரம்பூருக்கு போன் செய்து இரண்டு நாள் தவணை கேட்டாள். பிறகு துணியை விரித்து அளக்க ஆரம்பித்தாள். மலர் தொட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஆழாக்கைத் தேடி எடுத்தாள்.